எடை மெஷினை மூட்டை கட்டிவிட்டு டேப்பை எடுத்த கதை

எங்கள் ஊர் அவிநாசிக்கும் திருப்பூருக்கும் நடுவில் இருக்கிற ஓர் ஊராட்சி. பேர் வேண்டாம், சொன்னால் எந்த பேக்கரி, யார் வீட்டுச் சுற்றுச்சுவர் என்று அரைமணி நேரத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள். பதினைந்து வருசத்துக்கு முன்னால் சோளக்காடாக இருந்ததெல்லாம் இப்போது சைட். பாதி ஊர் பனியன் கம்பெனிக்குப் போகிறது, நானும் அதில் ஒருத்தி, அக்கவுன்ட்ஸ் வேலை. மிச்சப் பேருக்கு விசைத்தறி, தோட்டம், இல்லாவிட்டால் லைன் வீட்டு வாடகை.

2023ல் எனக்குச் சர்க்கரை இருப்பது தெரிந்தது. தெரிந்ததும் முதல் தடவை மாலை போட்ட கன்னிசாமி மாதிரி ஊரையே திருத்தக் கிளம்பிவிட்டேன். எங்கள் மகளிர் குழுவில் சொல்லி ஆகஸ்ட் மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை எடை பார்க்கிற முகாம் போட்டோம். எடை மெஷின், சுவரில் உயரக் கோடு, இடுப்பளவு எடுக்க டெய்லர் டேப். நம் ஆட்களுக்கு பி.எம்.ஐ., அதாவது உயரத்துக்கு எடை எவ்வளவு என்கிற கணக்கு, 23ஐத் தொட்டாலே கூடுதல் எடை, 25 என்றால் உடல் பருமன், இடுப்பு ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80, இதைத் தாண்டினால் கவனம் என்று சார்ட்டில் சிவப்பு ஸ்கெட்ச்சில் எழுதி ஒட்டினேன். அதுதான் நான் செய்த முதல் தப்பு. சார்ட்டைப் பார்த்ததுமே பாதிப் பெண்கள் பிள்ளை அழுகிறது, அடுப்பில் பால் இருக்கிறது என்று நழுவிவிட்டார்கள். பனியன் கம்பெனியில் ஓவர்லாக் தையல் அடிக்கிற பெண் ஒருத்தி மெஷினில் ஏறி நின்றதும் பின்னால் யாரோ சிரித்தார்கள், அவள் மூன்று மாசம் குழுக் கூட்டத்துக்கே வரவில்லை. முகாமில் கிடைத்த தகவல் என்று பார்த்தால், நாங்கள் குண்டாக இருக்கிறோம். அது முகாம் போடாமலே தெரியும்.

அன்றைக்கு எங்கள் பக்கத்து மக்களைத் தேடி மருத்துவம் அக்காவும் வந்திருந்தார். அந்தத் திட்டம் 2021 ஆகஸ்ட் 5ல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் ஆரம்பித்தது, வீடு வீடாக வந்து பிரஷர், சுகர் பார்த்து மாத்திரை கொடுப்பார்கள். கூட்டம் கலைந்த பிறகு சேரை மடக்கிக்கொண்டே அவர் சொன்னார்: "ரெண்டு வருசமா நானும் தினமும் அரை மணி நேரம் நடங்கன்னு சொல்லிட்டுத்தான் இருக்கறனுங்க. எங்கீங்க நடக்கறதுன்னு திருப்பிக் கேக்கறாங்க. அதுக்கு எங்கிட்ட பதில் இல்லீங்களே."

அந்தக் கேள்வியோடுதான் வீட்டுக்கு வந்தேன். தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பில் ஓர் எண் இருக்கிறது: தமிழ்நாட்டுப் பெண்களில் கூடுதல் எடையோ பருமனோ உள்ளவர்கள் 2015-16ல் 30.9 சதவீதம், 2019-21ல் 40.4. ஆண்கள் 28.2ல் இருந்து 37. நாலைந்து வருசத்துக்குள் நூறு பெண்களில் பத்துப் பேர் புதிதாகச் சேர்ந்திருக்கிறார்கள். அத்தனை பேரும் பேசி வைத்துக்கொண்டு ஒரே சமயத்தில் சோம்பேறி ஆகியிருக்க முடியாது, அவர்களைச் சுற்றி ஏதோ மாறியிருக்கிறது. அப்படியானால் எடை போடவேண்டியது அவர்களை இல்லை.

என் அண்ணன் மகள் கோயம்புத்தூரில் பொது சுகாதாரம் படிக்கிறாள். அவளிடம் புலம்பியபோது, அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் இதற்கென்றே ஒரு படிவம் வைத்திருக்கிறது அத்தை, சேஞ்ச் என்று பேர், என்று எடுத்துக் கொடுத்தாள். ஓர் ஊரை ஐந்து துண்டாகப் பிரித்துக்கொள்கிறார்கள்: ஊர் பொதுவாக, அங்கே இருக்கிற அமைப்புகள், மருத்துவமனை, பள்ளிக்கூடம், வேலை செய்கிற இடம். ஒவ்வொரு கேள்விக்கும் இரண்டு கட்டம். ஒன்று கொள்கை, அதாவது இதைப் பற்றி விதியோ தீர்மானமோ இருக்கிறதா. இன்னொன்று சூழல், அதாவது கண்ணெதிரே அது நடக்கிறதா. இரண்டுக்கும் தனித்தனியாக 1 முதல் 5 வரை மார்க்.

இரண்டு கட்டம் என்பது எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது. கேள்விகள்தான் நமக்கு ஒத்து வரவில்லை. லிஃப்டுக்குப் பதில் படியில் ஏறச் சொல்லி போர்டு வைத்திருக்கிறார்களா என்று ஒன்று. எங்கள் ஊரில் லிஃப்ட் என்றால் பைக்கில் பின்னால் ஏற்றிக்கொண்டு போவது. அதனால் கட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு கேள்விகளை நாங்களே எழுதினோம், நாற்பது பக்க நோட்டில், கோடு போட்டு. கொள்கை, சூழல் என்று எழுதியபோது குழுவில் யாருக்கும் மண்டையில் ஏறவில்லை. "பேப்பர்ல", "ரோட்டுல" என்று மாற்றினோம், உடனே புரிந்துவிட்டது.

நாங்கள் ஐந்து பேர் போனோம். நான், ரிட்டயர்டு வாத்தியார் ஒருத்தர், தறி ஓட்டுகிற தம்பி ஒருத்தர், மக்களைத் தேடி மருத்துவம் அக்கா, அப்புறம் அந்த ஓவர்லாக் பெண். அவளை நானே வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டுக் கூட்டிக்கொண்டு வந்தேன், நோட்டு அவள் கையில்தான் இருந்தது.

முதல் நாள் சனிக்கிழமை காலை பதினொரு மணிக்குப் போனோம். பள்ளிக்கூட வாசலில் ஈ காக்கை இல்லை. கடைகள் பாதி மூடிக் கிடந்தன, எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது என்று எழுதிக்கொண்டு வந்தோம். திங்கட்கிழமை பொழுதோடு நாலேகாலுக்கு அதே வாசலில் போய் நின்றால் அது வேறு ஊர். தட்டுவடை செட், காளான், ஐஸ், கலர் தண்ணீர் பாக்கெட், ஐந்து ரூபாய் சிப்ஸ் சரம், எல்லாம் பிள்ளைகள் நெஞ்சு உயரத்தில். ஆகவே யாராவது இதைச் செய்வதாக இருந்தால் முதலில் மணியைப் பாருங்கள். பள்ளிக்கூடம் விடுகிற நேரம், கம்பெனி வண்டி வந்து இறக்கிவிடுகிற நேரம், சந்தை நாள். இந்த மூன்றையும் பார்க்காமல் போட்ட மார்க் எதற்கும் ஆகாது.

பள்ளிக்கூடத்தைச் சுற்றி என்ன விதி இருக்கிறது என்று தேடினோம். மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2020ல் ஒரு விதி போட்டிருக்கிறது, 2021 ஜூலை 1 முதல் அமல்: கொழுப்பு, சர்க்கரை, உப்பு அதிகம் உள்ள பண்டங்களைப் பள்ளிக்குள்ளேயோ, வாசலில் இருந்து எந்தப் பக்கமாக இருந்தாலும் 50 மீட்டருக்குள்ளேயோ விற்கக்கூடாது. புகையிலைக்கு 100 கெஜம், அது 2003ஆம் வருசத்துச் சட்டம், அதற்கு மட்டும் பள்ளிச் சுவரில் மஞ்சள் பெயின்ட் அடித்து எழுதியிருந்தார்கள். 50 மீட்டர் பற்றி ஒரு எழுத்து இல்லை. தறித் தம்பி பாவு அளக்கிற கணக்கில் டேப்பைப் பிடித்து அளந்தார், ஒன்பது கடை உள்ளே வந்தது. பேப்பர்ல 5, ரோட்டுல 1.

பெரிய கண்டுபிடிப்பு செய்துவிட்ட மிதப்பில் உடனே ஒரு மனு எழுதிப் போட்டோம். நான் இன்றைக்கும் நினைத்து வருத்தப்படுகிற விசயம் இதுதான். பத்து நாள் கழித்து ஒரு வண்டி வந்தது, வந்தவர்கள் யாரை அப்புறப்படுத்தினார்கள் தெரியுமா? கொய்யாக்காயும் வேகவைத்த நிலக்கடலையும் விற்கிற ஆத்தாவை. தள்ளுவண்டிதானே, தள்ளிவிடுவது சுலபம். எதிரே ஷட்டர் போட்ட பேக்கரிக்கு ஒரு சொல் இல்லை. அந்த வாசலில் விற்ற பண்டங்களிலேயே பிள்ளைகள் தின்ன வேண்டியது அந்த ஆத்தாவின் கூடையில் இருந்தது மட்டும்தான். "ஏனுங்கம்மணி, நான் உங்குளுக்கு என்னங்க பண்ணுனேன்?" என்று என்னிடமே வந்து கேட்டது. நான் மனுவில் "வாசலில் உள்ள கடைகள்" என்று பொத்தாம்பொதுவாக எழுதியிருந்தேன். எந்தப் பண்டம் என்று எழுதவில்லை.

அதைச் சரி செய்ய இரண்டு மாசம் ஆனது. 2014ஆம் வருசத்துத் தெருவோர வியாபாரிகள் சட்டத்தில், கணக்கெடுப்பு முடிந்து சான்று கொடுக்கும் வரை யாரையும் இடத்தை விட்டு எழுப்பக்கூடாது என்று இருக்கிறது. நகரங்களுக்கான சட்டம்தான், ஆனாலும் நியாயம் ஒன்றுதானே. அதை வாத்தியார் படித்துவிட்டு ஒரு மனு, பள்ளி மேலாண்மைக் குழுவில் இருந்து ஒரு கடிதம். அந்தக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர்தான் இருக்கவேண்டும், அதிலும் மொத்தத்தில் பாதி பெண்கள் என்பது கல்வி உரிமைச் சட்டம். எங்கள் ஊரில் பெயருக்குத்தான் கூடிக்கொண்டிருந்தார்கள், இதற்காக முதல் தடவையாக உருப்படியாகக் கூடினார்கள். கொய்யாவும் கடலையும் இந்த வாசலில் வேண்டும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். ஆத்தா திரும்பி வந்தது. என்னைப் பார்த்து இன்னும் பேசுவதில்லை, ஆனால் என் பையனுக்கு மிளகாய்ப்பொடி இல்லாமல் கொடுக்கிறது.

பேக்கரியைப் பற்றிச் சொல்லவேண்டும், நம் கொங்குப் பக்கத்தில் அது ஒரு தனி உலகம். டீக்கடை என்பதே போய் எல்லாம் பேக்கரி ஆகிவிட்டது. டீ குடிக்கப் போகிறவன் கண் முன்னால் பஃப்ஸ், தேங்காய் பன், டீ கேக் எல்லாம் கண்ணாடிக்குள் லைட் போட்டு உட்கார்ந்திருக்கும். பெண் பார்க்கப் போவதைத் தவிர எல்லாப் பேச்சும் அங்கேதான் நடக்கும், ஏன், ஒரு தடவை அதுவும் நடந்திருக்கிறது. அதை மூடச் சொல்ல நாங்கள் யார். எங்களுக்கு முதலில் இருந்த எண்ணம் கடைக்காரர் வில்லன் என்பது. போய் உட்கார்ந்து பேசினால், அவர் ஒரு வருசம் முன்னாலேயே பாசிப்பயறு சுண்டல் வைத்துப் பார்த்து, போகாமல் மாட்டுக்குக் கொட்டியிருக்கிறார். காலையில் வைத்திருக்கிறார், அதுதான் விசயம். காலையில் யாருக்கும் சுண்டல் வேண்டாம். நாலு மணிக்கு, பஜ்ஜித் தட்டுக்குப் பக்கத்தில், கல்லா மேலேயே வையுங்கள், போகாவிட்டால் முதல் பத்து நாள் மிச்சத்தைக் குழு வாங்கிக்கொள்ளும் என்றோம். நாலு நாள்தான் வாங்கினோம். இப்போது ஐந்தரைக்கெல்லாம் பாத்திரம் காலி.

டீயில் இன்னொன்று செய்தோம், செலவே இல்லாதது. அஸ்கா, அதாவது வெள்ளைச் சர்க்கரை, கம்மியாகப் போடுங்கள் என்று யாரும் கேட்கமாட்டார்கள், நாலு பேர் முன்னால் கேட்டால் உனக்குமா என்பார்கள். அதனால் மாஸ்டரிடம், எல்லோருக்குமே அரை ஸ்பூன் குறைத்துப் போடுங்கள், எச்சா வேண்டுகிறவர் கேட்டு வாங்கட்டும் என்றோம். ஒரு வாரத்தில் கேட்டு வாங்கியவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். மற்றவர்களுக்கு மாறியதே தெரியவில்லை. இடையில் ஒரு பெரியவர் வந்து அஸ்காதான் கெடுதல், கவுந்தப்பாடி நாட்டுச் சக்கரை போட்டால் எவ்வளவு வேண்டுமானாலும் குடிக்கலாம் என்று சண்டைக்கு நின்றார். கவுந்தப்பாடிச் சக்கரை பழனிப் பஞ்சாமிர்தத்துக்கே போகிற உயர்ந்த சரக்கு, மறுப்பில்லை. ஆனால் ரத்தத்தில் போய்ச் சேர்ந்த பிறகு அதற்கும் அஸ்காவுக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது, எனக்கே மீட்டரில் காட்டியிருக்கிறது.

நடப்பதற்கு வருகிறேன். எங்கள் நோட்டிலேயே சுவாரசியமான பக்கம் அது. ஐந்து பேரும் ஒரே தெருவை ஒரே சமயத்தில் பார்த்துவிட்டு, பேசிக்கொள்ளாமல் தனித்தனியாக மார்க் போடவேண்டும் என்று அண்ணன் மகள் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். மெயின் ரோட்டில் இருந்து குளம் வரைக்கும் போகிற தார் ரோட்டுக்கு வாத்தியார் 4 போட்டார், தறித் தம்பி 4. பெண்கள் மூன்று பேரும் 1. வாத்தியாருக்குக் கோபமே வந்துவிட்டது, நான் பத்து வருசமாக அங்கேதான் நடக்கிறேன் என்றார். எத்தனை மணிக்குங்க என்று ஓவர்லாக் பெண் கேட்டாள். காலை ஆறரைக்கு. அவள் கம்பெனி வண்டியை விட்டு இறங்குவது இரவு ஒன்பதே காலுக்கு, அந்த ரோட்டில் விளக்கு எரிகிற கம்பம் ஒன்றே ஒன்று, அதன் கீழே நாய்க்கூட்டம், அதைத் தாண்டினால் குடிக்கிறவர்கள். அன்றைக்கு வாத்தியார் இரவு ஒன்பதே காலுக்கு எங்களோடு வந்து நடந்து பார்த்துவிட்டு, நோட்டை வாங்கி அவர் கையாலேயே 4ஐ அடித்து 1 என்று எழுதினார். மார்க் எங்கே ரொம்ப விலகி நிற்கிறதோ அங்கேதான் விசயம் இருக்கிறது. சராசரி எடுத்து 2.2 என்று எழுதியிருந்தால் இது காணாமல் போயிருக்கும்.

யார் என்ன எடை என்று கேட்காமல், இப்படி நாலு தெருவை அளந்ததில் நிறையக் கிடைத்தது. நடைபாதைக்குக் குறைந்தது 1.8 மீட்டர் தடையில்லாத அகலம் வேண்டும் என்று இந்தியச் சாலைக் காங்கிரஸின் 2012 வழிகாட்டுதல் சொல்கிறது. எங்கள் கடைவீதியில் வெள்ளைக் கோட்டுக்கும் சாக்கடைக்கும் நடுவில் ஒரு முழம்கூட இல்லை. சேலம் கொச்சி நெடுஞ்சாலையைக் கடந்து அந்தப் பக்கத்துப் பள்ளிக்கு நடந்து போன பிள்ளைகள் எல்லாம் இப்போது ஆட்டோவிலோ அப்பாவின் பைக்கிலோதான் போகிறார்கள். 544ஆம் எண் நெடுஞ்சாலையில் ஆறு வயசுப் பிள்ளையை நடக்கவிடு என்று யாரிடமும் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அது எங்கள் கையில் இல்லாத விசயம், நோட்டில் எழுதிவிட்டு அடுத்ததற்குப் போய்விட்டோம்.

கையில் இருக்கிற விசயம் ரிசர்வ் சைட். மனை பிரிக்கிறபோது பூங்கா, விளையாட்டு இடம் என்று விட்டுக் காட்டவேண்டிய நிலத்தை நம் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம். இப்போதுள்ள 2019 விதிகளில் 3,000 சதுர மீட்டருக்கு மேல் மனை பிரித்தால் ரோடு போக மிச்சத்தில் 10 சதவீதம். சைட் வாங்குகிறபோது பார்க் வரும் என்று புரோக்கர் காட்டிய இடம் எங்கே என்று கேட்டால் யாருக்கும் தெரியவில்லை. தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போட்டோம், பத்து ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப், முப்பது நாள் கெடு. கேள்வியைச் சுருக்கமாக வைத்தோம்: இந்தச் சர்வே எண்ணில் அங்கீகரித்த மனைப்பிரிவு வரைபட நகல், ஊராட்சிக்கு எழுதிக் கொடுத்த தானப் பத்திர நகல். ஏன், எதற்கு, நியாயமா என்றெல்லாம் கேட்டால் பதில் வராது, நகல் கேட்டால் வரும். வந்த வரைபடத்தில் பச்சை அடித்து இரண்டு இடம். ஒன்றில் கட்டிட இடிபாடு குவிந்து கிடந்தது. இன்னொன்றில் ஒருத்தர் கம்பி வேலி போட்டு மொச்சை போட்டு மாட்டுச்சாளையும் கட்டியிருந்தார், அவர் எங்களுக்குப் பங்காளி முறை வேறு. அந்த இடம் இன்னும் அப்படியேதான் இருக்கிறது, அந்த வீட்டுக் கல்யாணத்துக்கு எங்களுக்குப் பத்திரிகையும் வரவில்லை. இடிபாடு இருந்த இடத்தை மட்டும் ஊராட்சி ஜே.சி.பி. விட்டுச் சுத்தம் செய்து கொடுத்தது. பிள்ளைகள் இரண்டு கம்பு நட்டு, பழைய தறி நூலைக் கட்டி ஷட்டில் ஆடுகிறார்கள்.

பள்ளிக்கூட மைதானம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, நாலரைக்குப் பூட்டிவிடுவார்கள். ஏன் என்று கேட்டதில், முன்னால் ஒரு தடவை பாட்டில் உடைந்து கிடந்ததாம். நியாயமான பயம்தான். அதற்குத் தலைமை ஆசிரியரிடம் மல்லுக்கட்டாமல், சாவி யார் வைத்திருப்பது, உடைந்தால் யார் பொறுப்பு என்ற இரண்டுக்கு மட்டும் பதில் எழுதிக்கொண்டு போனோம். இரண்டு பெற்றோர் பேரில் சாவி, காலை ஐந்தரை முதல் ஏழு வரை, ஞாயிறு முழு நாள். எல்லா மறுப்புக்குப் பின்னாலும் ஒரு சாவியோ ஒரு கணக்கோ இருக்கும், அதைக் கண்டுபிடித்தால் பாதி வேலை முடிந்தது.

அப்புறம் குளம். அத்திக்கடவு அவிநாசித் திட்டம் என்று எங்கள் அப்பிச்சி காலத்தில் இருந்து பேசிக்கொண்டிருந்தது 2024 ஆகஸ்ட் 17ல் முறைப்படி ஆரம்பித்தது, காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே இருந்து பவானியின் உபரித் தண்ணீரை ஏற்றி 1,045 குளம் குட்டைக்கு விடுகிறார்கள், எங்களுடையது அதில் ஒன்று. நிலத்தடி நீருக்காகப் போட்ட திட்டம், அதில் உடல் பருமன் என்ற சொல்லே எங்கும் வராது. ஆனால் குளத்தில் தண்ணீர் வந்த மாசத்தில் இருந்து கரையில் ஆட்கள் நடக்க ஆரம்பித்துவிட்டார்கள், யாரும் சொல்லாமலே. கொக்கு பார்க்கப் போனவர்கள், காற்று வாங்கப் போனவர்கள். எங்கள் முகாமும் சார்ட்டும் செய்யாததைத் தண்ணீர் செய்தது. நூறு நாள் வேலைப் பெண்கள் கரையில் சீமைக்கருவேலத்தை வெட்டிக் கொடுத்தார்கள். அப்போது விளக்குதான் இல்லை, ஆறரைக்கு மேல் பெண்கள் யாரும் போகவில்லை.

இத்தனைக்கும் மேலே ஒன்று இருக்கிறது, அதை எந்த மனுவில் எழுதுவது என்று எங்களுக்கு இன்னும் தெரியவில்லை. கம்பெனி நேரம். திருப்பூர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை, ஒன்றரை ஷிப்ட் என்றால் காலை எட்டரை முதல் இரவு எட்டரை. வண்டி பிடிக்கிற நேரம் சேர்த்தால் பதிமூன்று பதினாலு மணி நேரம். டெய்லர் ஸ்டூலில் உட்கார்ந்தபடி, செக்கிங் பெண்கள் நின்றபடி, கைமடிப் பிள்ளைகள் குனிந்தபடி. பீஸ் ரேட் என்பதால் எழுந்திருந்தால் காசு போகும். எங்கள் அம்மிச்சி காட்டு வேலைக்குப் போய் வந்த காலத்தில் ராகிக் களியும் கொள்ளுப் பருப்பும் வயிறு நிறையத் தின்று ஒரு பொட்டுச் சதை போடவில்லை. பேத்தி அதே அளவு அரிசிச் சோறு தின்றுவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறாள், ஐந்தரை மணி டீக்கு கம்பெனியே பன்னும் போண்டாவும் கொடுக்கிறது, பாத்ரூம் போக சூப்பர்வைசரிடம் சொல்லிக்கொண்டு போகவேண்டும் என்பதால் தண்ணீர் குடிப்பதே இல்லை. ராத்திரி பத்து மணிக்குப் பசியோடு வருகிறவளுக்கு பரோட்டா வாங்கிக்கொண்டு வருவதுதான் புருசன் காட்டுகிற கருணை. அவளைக் கூப்பிட்டு மெஷின் மேல் நிற்கவைத்து நான் பேரேட்டில் எழுதினேன் பாருங்கள்.

நான் வேலை செய்கிற கம்பெனியில் மட்டும் பேசிப் பார்த்தேன். ஷிப்டைத் தொட முடியாது, ஷிப்மென்ட் என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார்கள். ஆனால் தண்ணீர் கேனை லைனுக்குப் பக்கத்திலேயே கொண்டுவந்து வைத்தார்கள். வாரத்தில் மூன்று நாள் போண்டாவுக்குப் பதில் தட்டைப்பயறோ கொண்டைக்கடலையோ. இது நடந்ததற்குக் காரணம் என் பேச்சு இல்லை, கணக்கு என் கையில் இருந்தது, சுண்டல் போண்டாவை விட ஆளுக்கு விலை குறைவு என்று எண்ணெய்ச் செலவோடு எழுதிக் காட்டினேன். ஆரோக்கியம் என்று ஆரம்பித்திருந்தால் பார்க்கலாம் என்று சொல்லியிருப்பார்கள்.

ரேஷனையும் நோட்டில் எழுதினோம். அரிசி இலவசம், பாமாயில் மலிவு, அப்படியிருக்க வீட்டில் என்ன பொங்கும்? 2023ல் நீலகிரியிலும் தர்மபுரியிலும் இரண்டு கிலோ அரிசிக்குப் பதில் ராகி கொடுக்க ஆரம்பித்தார்கள், எங்கள் ஊரில் ஏன் கூடாது என்று கேட்டு அனுப்பினோம். பெற்றுக்கொண்டோம் என்று பதில் வந்தது.

இதையெல்லாம் எங்கே கொண்டுபோய் வைப்பது என்றால் கிராம சபையில். குடியரசு தினம், மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருசத்தில் ஆறு நாள் கணக்கு. முதல் தடவை போனபோது நோட்டில் இருந்த முப்பத்தெட்டு கேள்வியையும் வாசித்தோம், ஐந்தாவதிலேயே ஆட்கள் டீக்குப் போய்விட்டார்கள். அடுத்த தடவை, 2024 அக்டோபர் 2ல், மூன்றே மூன்று. தீர்மான வாசகத்தையும் நாங்களே எழுதிக்கொண்டு போனோம். "விளக்கு வசதி செய்து தரவேண்டும்" என்று எழுதினால் அது பதிவேட்டில் சுகமாகத் தூங்கும். "குளத்து மதகில் இருந்து மாரியம்மன் கோவில் வரை கரையில் ஆறு கம்பம்" என்று எழுதவேண்டும், எண்ணிப் பார்க்கிற மாதிரி. தலைவரும் நல்ல மனுசர், கையெழுத்துப் போட்டு நகலும் கொடுத்தார். நகலை அன்றைக்கே வாங்கியது எவ்வளவு நல்லது என்று ஜனவரியில் தெரிந்தது. 2025 ஜனவரி 5ஆம் தேதியோடு எங்கள் மாவட்டம் உள்பட 28 மாவட்டங்களில் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர் கைக்குப் போய்விட்டது. யாரிடம் பேசிப் பழகி வைத்திருந்தோமோ அவர்கள் யாரும் நாற்காலியில் இல்லை. புதிதாக வந்தவருக்கு எங்களைத் தெரியாது, குளத்தைத் தெரியாது. நகலை நீட்டினோம், சீல் இருக்கிறதா என்று திருப்பிப் பார்த்தார், இருந்தது.

2025 ஆகஸ்டில் மறுபடியும் அதே ஐந்து பேர், அதே நோட்டு, அதே நாலேகால் மணி, அதே ஒன்பதே கால். பள்ளி வாசல் ரோட்டுல கட்டத்தில் 1 இப்போது 3, சிப்ஸ் சரம் 50 மீட்டருக்கு அந்தப் பக்கம் நகர்ந்திருக்கிறது, ஐம்பத்திரண்டாவது மீட்டரில் தொங்குகிறது, கடைக்காரரும் டேப் வைத்து அளந்திருப்பார் போல. நெடுஞ்சாலை அதே 1. கம்பெனி நேரம், அதற்கு என்ன மார்க் என்று யாரும் போடவில்லை, கட்டத்தைக் காலியாகவே விட்டுவிட்டோம். கரையில் ஆறு கம்பத்தில் மூன்று எரிகிறது. மிச்சம் மூன்றுக்கு மனு எண்ணை ஓவர்லாக் பெண் நோட்டின் பின் அட்டையில் எழுதி வைத்திருக்கிறாள். எரிகிற மூன்று கம்பத்துக்கு நடுவில் மட்டும், மதகில் இருந்து அரசமரம் வரைக்கும் போய்த் திரும்பிப் போய்த் திரும்பி, இரவு ஒன்பதரைக்கு நாலைந்து பெண்கள் கம்பெனி அடையாள அட்டையைக் கழட்டாமலே நடந்துகொண்டிருக்கிறார்கள்.